வளர்த்தியான பயிர்

காலை ஏழு மணிக்குக் கடைக்குக் கிளம்பிய பூவம்மாள், போகிற போக்கில் தன் வயலைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வயலுக்குள் பக்கத்து நிலத்து முனுசாமி நின்றிருந்தார். குனிந்து ஒரு பயிரை வேரோடு பிடுங்கினார். நாலடி தள்ளிப் போய் இன்னொன்றைப் பிடுங்கினார். கக்கத்தில் கதிரும் மண்ணுமாக ஒரு கட்டே சேர்ந்திருந்தது.

அறுப்புக்கு இன்னும் பத்தே நாள்தான்.

"அடப்பாவி!"

அவள் போட்ட சத்தத்தில் காஞ்சிபுரம் போகிற ஷேர் ஆட்டோவே நின்றது. ஓட்டி வந்த வசந்தும், உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஏழு பேரும் இறங்கி வரப்புக்கு வந்தார்கள். வேடிக்கை என்று வந்துவிட்டால் ஐயம்பேட்டையில் ஆபீசாவது, நேரமாவது!

பூவம்மாள் பதறியதில் நியாயம் இருந்தது. அறுபது சென்ட் நிலம். ஒரு வருஷம் போட்ட முதலை எடுக்கும், மறுவருஷம் அதுவும் எடுக்காது. அதனால்தான் அவள் புருஷன் முருகேசன் ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி உடுப்போடு நின்றுகொண்டிருந்தான். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தால் பெரிது.

இந்தத் தடவை புது நெல் ரகத்துக்கு விதைப் பண்ணை போட வேளாண்மைத் துறையில் அவர்கள் நிலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆய்வில் தேறிவிட்டால் விளைந்ததையெல்லாம் விதைக்கென்று நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். பயிற்சிக்குப் போய்வந்தது முருகேசன்தான். "வயலு சுத்தமா இருக்கணும், அவ்ளோதான். பாஸ் ஆயிட்சின்னா வேலைய வுட்டுட்டு ஊட்டோட வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் ஒரு புல் விடாமல் களையெடுத்து வைத்திருந்தாள்.

ஆய்வுக்கு அதிகாரி வரப்போவது இன்றைக்கு!

அதே விதைப் பண்ணைக்கு முனுசாமியும் எழுதிக் கொடுத்து, அவருக்குக் கிடைக்காமல் போனது ஊருக்கே தெரியும். பொறாமையில் வெந்துகொண்டிருப்பார் என்று நினைத்து, பூவம்மாள் அன்றிலிருந்து அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள்.

"வயித்தெரிச்சல் புடிச்சவனே! உனக்குக் கெடைக்கலன்னா என் வயித்துல அடிப்பியா? பாருங்கப்பா, நல்லா வளத்தியா நின்னதா பாத்துப் பாத்துப் புடுங்கிக்கினு இருக்கான்!"

அதுவும் உண்மைதான். கட்டில் இருந்த ஒவ்வொரு பயிரும், வயலில் நின்றதைவிட ஒரு சாண் உயரம்.

"இன்னா பெரீப்பா இது? தறியில ஓடற பொடவைய அறுத்த மாதிரி கீதே!" என்றான் வசந்த், செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே.

முனுசாமி நிமிர்ந்தார். "ஆபீசர் எத்தினி மணிக்கு வராங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு, அத்தனை பேர் கண்ணெதிரில் குனிந்து இன்னொரு பயிரைப் பிடுங்கினார்.

கூட்டம் வாயைப் பிளந்தது. இப்படியும் ஒரு நெஞ்சழுத்தமா?

பூவம்மாள் வாய்க்கால் சேற்றை வாரி அவர்மேல் வீசினாள். நெஞ்சில் பட்டு வெள்ளை பனியனில் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"திருடன்! போலீசுக்குப் போன் போடுப்பா வசந்து!"

அதற்குள் ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. வெயில் ஏறுமுன் ஆய்வை முடித்துவிடுகிற அதிகாரி பிரியதர்ஷினி. பூவம்மாள் ஓடிப்போய் அவர் எதிரில் அழுதாள்.

"மேடம், எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டான் மேடம்!"

அதிகாரி அந்தக் கட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு நெல்லை உரித்துப் பார்த்தார். வயலில் இறங்கி மூலைக்கு மூலை நடந்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு.

"பாஸ்மா!"

"பாஸா?"

"இந்தக் கட்டு வேற ரகம். உயரத்தப் பாத்தாலே தெரியுதே. இது உள்ள நின்னிருந்தா உங்க நெல்ல விதைக்கு எடுத்திருக்க மாட்டோம். வயல் சுத்தமா இருக்கணும்னு சொன்னது இதத்தான். சரியான நேரத்துல பிடுங்கியிருக்காரு."

வசந்த் செல்போனைச் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஆனா இது உங்க வயலுக்குள்ள எப்படி வந்தது?" என்றார் அதிகாரி.

"என்துதான் மேடம்" என்றார் முனுசாமி. "பக்கத்துலயே என் நாத்தங்கால். மழத்தண்ணியில அடிச்சிக்கினு வந்து வேர் புடிச்சிருக்கும். என் தப்புதான்."

அதிகாரி தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் போனார். ஷேர் ஆட்டோவும் கிளம்பிவிட்டது.

பூவம்மாள் மட்டும் நின்றாள். நாற்று நட்ட அந்த வைகாசியில் மழையா? ஒரு தூறல்கூட இல்லையே! நட்ட வயலில் நண்டு வெட்டிக் காலியான இடத்துக்கெல்லாம், முனுசாமியின் நாற்றங்காலில் நாலு பிடி நாற்றைக் கேட்காமல் பிடுங்கி வந்து ஊன்றியவள் அவள்தான். கருட சேவை பார்க்க ஊரே காஞ்சிபுரம் போயிருந்த காலை அது. ஈ காக்கை பார்க்கவில்லை. நாற்றில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்து, அதை அன்றைக்கே மறந்தும் போயிருந்தாள்.

கையில் சேறு இன்னும் காயவில்லை. அவள் முனுசாமியிடம் போனாள்.

"அண்ணா... அந்த நாத்து மழையில வரலண்ணா..."

முனுசாமி பனியனில் ஒட்டியிருந்த மண்ணை உதறிக்கொண்டே சொன்னார்:

"தெரியும்மா. அன்னிக்கு நான் கருட சேவைக்குப் போவல."