டீச்சருக்காக ஒரு பொய்

"எங்க ராபின் வந்து கேட்டா, பி.எஃப். பணத்த இப்ப எடுக்க முடியாதுன்னு சொல்லிருங்க சார்."

மாடியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே புஷ்பமேரி டீச்சர் இதைச் சொல்லிவிட்டார். பள்ளி அலுவலகத்தில் அந்த நேரம் கிளார்க் பாஸ்கலைத் தவிர யாரும் இல்லை.

அவசரம் என்றால் ஆன்லைனிலேயே விண்ணப்பித்து எடுத்துக்கொள்ளலாமே என்றார் பாஸ்கல்.

"அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிய வேண்டாம். இருபத்திரெண்டு வருசம் வேல பாத்ததுக்கு அது ஒண்ணுதான் மிச்சம். அழுவான், கெஞ்சுவான். நீங்க மனசு எளகிராதீங்க."

பாஸ்கலுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. டீச்சரின் மகன் ராபின், கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து நாகல் நகரில் செல்போன் கடை போட்டவன். அதற்காக டீச்சரின் வளையல்கள் போனது ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிந்த கதை. இப்போது இதிலும் கை வைக்கப் பார்க்கிறான் போலிருக்கிறது. இப்படித்தான் கணக்கு வாத்தியார் ஒருவர், மகன் நச்சரிக்கிறான் என்று சேர்த்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, ரிட்டயர் ஆன பிறகு வீடு வீடாக ட்யூஷனுக்கு அலைகிறார். புஷ்பமேரி டீச்சருக்கும் அந்த நிலைமை வரக் கூடாது.

"கவலப்படாமப் போங்க டீச்சர். நான் பாத்துக்கிறேன்," என்றார்.

மறுநாள் மத்தியானம் ராபின் வந்தான். முகச்சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. அம்மா வகுப்பில்தான் இருக்கிறார் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே உட்கார்ந்தான். அந்த ஒளிவுமறைவே பாஸ்கலுக்குப் பிடிக்கவில்லை.

பி.எஃப். பணத்தை எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று அவன் கேட்டான். ரிட்டயர் ஆகும்வரை ஒரு ரூபாய்கூட எடுக்க வழியில்லை என்று பாஸ்கல் கண்ணிமைக்காமல் சொன்னார்.

"அம்மாவும் அதத்தான் சொன்னாங்க. நான் நம்பாமத்தான் இங்க வந்தேன்." நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "வேற ஏதாச்சும் வழி இருக்கா சார்? கடையக்கூட வித்துட்டேன். அதுவும் பத்தல."

கடையும் போயிற்றா என்று பாஸ்கலுக்குக் கோபம் வந்தது. ராபினின் கண்கள் கலங்குவதைப் பார்த்ததும், டீச்சர் மகனைச் சரியாகத்தான் கணித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். அதற்குமேல் அவரால் வாயை அடக்க முடியவில்லை.

"சொல்றேன்னு தப்பா நெனைக்காத தம்பி. பெத்த தாய் நல்லாருக்கணும்னு நெனச்சா, அந்தப் பணத்தக் கேக்காத."

"அவங்க இருக்கணும்னுதான் சார் கேக்குறேன்," என்றான் ராபின்.

சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தான். மதுரை ஆஸ்பத்திரிச் சீட்டு. இதய வால்வை இந்த மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். நோயாளியின் பெயர், புஷ்பமேரி.

பாஸ்கல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் சொன்னது பொய் தம்பி, தாராளமா எடுக்கலாம். வா, ரெண்டு பேருமாப் போயி டீச்சரச் சம்மதிக்க வைப்போம்."