முந்திரித்தோப்பில் எடுத்த படம்

"போனைக் கொடு."

ஜுல்பிகர் மறுபேச்சு பேசாமல் எடுத்து நீட்டினான். அதுவே சிங்காரவேலுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. மடியில் கனமில்லாதவன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டானா?

போன் முழுக்க ஒரு கைக்குழந்தையின் படங்கள். தூங்குகிற குழந்தை, கொட்டாவி விடுகிற குழந்தை, மறுபடியும் தூங்குகிற குழந்தை.

"மத்ததை எல்லாம் அழிச்சிட்டியா?"

"எத சார்?"

"எதன்னு தெரியாது பாரு, பாவம்!"

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பழைய குவார்ட்டர்ஸில் இயங்கும் நிலமெடுப்பு அலுவலகத்துக்குச் சிங்காரவேல்தான் தாசில்தார். ஜுல்பிகர் அவருடைய ஜீப் டிரைவர், அதுவும் கான்ட்ராக்ட். மேசைப் பேனாவைக்கூட நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கும் தாசில்தார், டிரைவரை மட்டும் நம்பிவிடுவாரா என்ன?

விஷயம் இதுதான். காடாம்புலியூர் பக்கம் ஒரு முந்திரித்தோப்பு. அழிந்துவரும் அழுங்கு, அதாவது எறும்புத்தின்னி, அங்கே இருக்கிறது என்று மத்திய அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கிவிட்டது. நடுவில் ரோடு போட முடியவில்லை. "அங்கே அழுங்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை" என்று மாநில அரசே கோர்ட்டுக்குப் போனது. நேற்று வழக்கு தள்ளுபடி. அழுங்கு இருப்பதற்குப் போட்டோவே ஆதாரம் என்று நீதிபதி சொல்லிவிட்டதாக டிவியில் ஓடியது.

காலையில் மேலிடத்திலிருந்து போன் வந்தது. "உங்க ஆபீஸ்லருந்துதான் யாரோ எதிர்ப்பார்ட்டிக்குப் படம் கொடுத்திருக்கான். அஞ்சு மணிக்குள்ள பேரு வரணும். வரலேன்னா சஸ்பென்ஷன் ஆர்டர்ல உங்க பேரு வரும்."

ரிட்டயராக எட்டே மாதம். அந்த நிமிஷத்திலிருந்து சிங்காரவேல் யாரையும் நம்பவில்லை. டைப்பிஸ்ட் ஜெனிஷா கொண்டுவந்து வைத்த டீயைக்கூட ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

போன ஐப்பசியில் தோப்பைப் பார்க்கப் போனது மூன்றே பேர். அதில் ஜெனிஷா ஜீப்பை விட்டு இறங்கவேயில்லை. தோப்பு பூராவும் எறும்புப் புற்று, அவளுக்கு எறும்பு என்றாலே ஆகாது. படமெடுக்கிற வேலையைச் சிங்காரவேல் யாரையும் நம்பி விடவில்லை. தன் போனில் தானே எட்டுப் படம் எடுத்து, தானே பிரிண்ட் போட்டு, கோர்ட்டுக்குப் போகும் கவரையும் தானே ஒட்டினார். வேறு யார் கண்ணிலும் காட்டவில்லை.

ஆகக்கூடி, மிச்சம் இருப்பவன் ஒருத்தன்தான்.

"கிளம்புற நேரத்துல நீ மட்டும் தோப்புக்குள்ள திரும்பி ஓடினியே, எதுக்கு?"

ஜுல்பிகர் தலையைச் சொறிந்தான். "பலாப்பழத்துக்கு சார்."

"என்னது?"

"நீங்க படம் எடுத்துகினு இருந்தப்ப பலா மரத்தடியில ஒண்ணு கெடந்துச்சு சார், சின்னதா. வூட்ல முனவரா மாசமா இருந்தா. பலாச்சொள வேணும்னு ஒரே அழுவ. அந்த மாசத்துல எந்தக் கடையில கெடைக்கும்? எடுத்துக்கட்டுமான்னு உங்களக் கேட்டேன். கேஸ்ல இருக்கற எடம், துரும்பக்கூடத் தொடாதன்னு சொல்லிட்டீங்க."

சிங்காரவேலுக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பழத்தை அவரும்தான் தூரத்திலிருந்து பார்த்தார்.

"மனசு கேக்கல சார். திரும்பி ஓடிப் பாத்தேன். அதுக்குள்ள காணோம்."

"ஆள் நடமாட்டமே இல்லாத தோப்புல, அஞ்சு நிமிஷத்துல பழம் காணாமப் போச்சா? கால் மொளச்சு நடந்து போயிடுச்சா? யாருகிட்டய்யா கதை விடுற?"

"அல்லாமேல ஆணையா சார்! புள்ளைக்கு இப்பத்தான் நாப்பது கழிஞ்சிருக்கு. வேலைய வுட்டு எடுத்துடாதீங்க சார்."

அழுகிற மாதிரி நடிக்கிறான், கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டார் சிங்காரவேல். கட்டிவைத்த பேனாவை இழுத்து, மேலிடத்துக்குக் கடிதத்தை எழுதி முடித்தார். 'ஜீப் ஓட்டுநர் ஜுல்பிகர், தோப்புக்குள் தனியாகச் சென்று இரகசியமாகப் படம் எடுத்துள்ளார்.' கையெழுத்துப் போட்டுக் கவரில் வைத்தபோது மணி நாலரை. காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

ஜெனிஷா கையில் சில தாள்களோடு உள்ளே வந்தாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"சார், தீர்ப்பு காப்பி மெயில்ல வந்துடுச்சு. கவர ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்களேன்."

"படம் யாரு கொடுத்ததுன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு சார்."

"அப்படிப் போடு! சத்தமா சொல்லும்மா. இவன் காதுலயும் விழட்டும்."

ஜெனிஷா தாளைப் புரட்டினாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் மெதுவாகச் சொன்னாள். "'வழக்குப் போட்ட அரசே தாக்கல் செய்த ஆறாவது படத்தில், மரத்தடியில் செதில் மூடிய உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும் அழுங்கு தெளிவாகத் தெரிகிறது. வேறு சாட்சி தேவையில்லை.'"

அடுத்த தாளில் அந்தப் படம் இருந்தது. மரத்தடியில் கிடந்ததைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். படத்துக்குக் கீழே, தேதியோடு சிங்காரவேலின் கையெழுத்து.

ஜுல்பிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அட, இது நம்ம பலாப்பழமாச்சே சார்!"