சுக்கூரின் இடம்

மலைக்கோட்டையின் நிழல் மைதானத்தில் பாதிவரை இறங்கியிருக்கிறது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் அப்துல் சுக்கூர் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இறுக்குகிறான். ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து மூன்று வருஷமாகிறது. குடியுரிமைக்கு எழுதிப்போட்ட மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. இந்திய அணித் தேர்வுக்கு நாளைக் காலையில் மெட்ராஸ் ரயில். கால்பந்துக் குழுச் செயலாளர் உடையப்பன் தபாலாபீஸிலிருந்து வெறுங்கையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். "இன்னைக்கும் வரலை சுக்கூரு. அந்தத் தாள் இல்லாம சேத்துக்க மாட்டாங்க. உன் எடத்துக்குச் சுருளிவேலை அனுப்பச் சொல்லிட்டாங்க." கூட ஆடுகிற சுருளிவேல் தள்ளி நின்று தரையைப் பார்க்கிறான். சுக்கூர் எழுந்து பின்பக்கத்துப் புழுதியைத் தட்டுகிறான். "ஏலே சுருளி, ஒனக்கு எடதுகால் அடி சரியா வரலை. இருட்டுறதுக்குள்ள வா" என்று சொல்லி, பந்தை அவன் பக்கம் மெல்ல உருட்டிவிடுகிறான்.