தூண்டிவிட்டவன்

தொண்டை கிழியக் கோஷம் போட்டு, ஏழைகளின் சர்க்காரைக் கொண்டுவந்து ஒரு வருஷமாகிவிட்டது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் மட்டும் கூலி ஏறவில்லை. சவுரியம்மாளும் இருபது பெண்களும் கேட்டின் குறுக்கே படுத்துவிட்டார்கள்.

சட்டசபை மெம்பர் அனுப்பிய கடுதாசியை, அடியில் இருந்த பேர் வரைக்கும் இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார். ‘இந்தப் பெண்களைத் தூண்டிவிட்ட காலிப்பயலைப் பிடித்து உடனே உள்ளே தள்ளவும்.’

சவுரியம்மாள் படுத்தபடியே சிரித்தாள்.

"இன்னாடி இளிப்பு? இப்படிப் படுக்கச் சொல்லிக் குடுத்தவன் எவன்?"

"ஆறு வருஷம் முன்னாடி கள்ளுக்கடை மறியல்ல ஒருத்தரு சொல்லிக் குடுத்தாரு. அடிச்சாலும் எழுந்திருக்காதே, கையை ஓங்காதேன்னாரு. அன்னிக்கு அவரு மண்டையை ஒடைச்சதே நீங்கதான். நான்தான் முந்தானையைக் கிழிச்சுக் கட்டுப் போட்டேன்."

"நான் எத்தினியோ மண்டை ஒடைச்சிருக்கேன். பேரைச் சொல்லு, இன்னிக்கே விலங்கு மாட்டறேன்." இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார்.

"எழுதிக்குங்க. கடுதாசியில கடைசியா ஒரு பேரு படிச்சீங்களே, அவருதான். சந்தேகம்னா அவரு கதர்க்குல்லாவைக் கழட்டிப் பாருங்க. நீங்க போட்ட தழும்பு அப்படியே இருக்கும்."