தெருமுனை இடி

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அடுப்படி அலமாரியிலிருந்து ஒரு தட்டு விழுந்து உருண்டது.

"அப்பா தெருமுனைக்கு வந்துட்டார்டி, கிளம்பு" என்றாள் அம்மா.

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள் இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அவர் காரின் டிக்கியை அடைத்துக்கொண்டிருக்கும் சப்வூஃபர் என்ற ராட்சத ஒலிபெருக்கி, கார் ஒலிப் போட்டிகளில் கோப்பை வாங்கியது. அதன் இடி கேட்டதும் கிளம்பினால், அவர் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம்.

அவர் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"நாளைக்கு அந்த வூஃபரைக் கழட்டிடப் போறேன்."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நல்லாத்தானே இருக்கு?"

"தலைவலின்னு தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு என்னைத் திட்டினவ நீதானே?"

"அதெல்லாம் பழகிடுச்சு. அடுத்த போட்டி வேற வருது."

"போட்டிக்குப் போற தெம்பு இல்லை. காதும் பாதி போச்சு."

"அப்ப போட்டி வேண்டாம். தெருவுல மட்டுமாவது போடுங்களேன்."

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"தெருமுனையில நான் சத்தத்தைக் கூட்டினதே உன் பொண்ணு கிளம்பறதுக்குத்தான். நாளைக்குச் சத்தமில்லாம வருவேன், பேரனைத் தூக்கிக்கிட்டு ஓட வேண்டாம்னு அவகிட்ட சொல்லிடு."