தொட்டியின் பசி

தொட்டிக்குப் பசி என்றால் மேனேஜருக்குப் பொறுக்காது. கல்லூரி விடுதியில் மிஞ்சும் சோற்றையெல்லாம் சமையல்கட்டு வேலைக்காரி பவுனு அந்த எரிவாயுத் தொட்டியின் வாயில் கொட்டியாக வேண்டும். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நொதிகளால் அதைக் கரைத்துத் தின்று வாயுவாக விடும். அந்த வாயுவில்தான் மறுநாள் உலை கொதிக்கும்.

"வீட்டுல பிள்ளைங்களுக்கு ஒரு வாளி எடுத்துக்கட்டுங்களா சார்?" என்று ஒருமுறை கேட்டாள்.

"தொட்டிக்குள்ள இருக்கிறதுங்க பட்டினி கிடந்தா செத்துடும்மா," என்றார்.

ஒருநாள் மத்தியானம் சோறு வடித்த பிறகு குழம்புக்கு அடுப்பு பற்றவில்லை. வந்து பார்த்த இன்ஜினியர், அளவுக்கு மீறித் தின்னக் கொடுத்ததில் தொட்டி புளித்துவிட்டது, மூன்று நாளைக்கு எதுவும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நாலு குண்டான் சோறு மிச்சம். பவுனு வாளியைக் கழுவி எடுத்து வந்தாள்.

"இப்பவாச்சும் எடுத்துக்கட்டுங்களா சார்?"

மேனேஜர் மண்வெட்டியைக் காட்டினார். "இன்னைக்குக் குடுத்தா நாளைக்கும் கேப்ப. குழிய ஆழமா வெட்டு, நாய் தோண்டிடப் போவுது."

பவுனு வெட்டினாள். பக்கத்தில் குண்டான்களிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. முழங்கால் ஆழம் வந்ததும், போய்விட்டாரா என்று நிமிர்ந்து பார்த்தாள். மேனேஜர் அங்கேயே நின்றிருந்தார்.