மூன்று மணி உருண்டை

தண்ணீரை ஊற்றிய பிறகுதான் கொத்தனாருக்கு உறைத்தது, காரியம் கெட்டுவிட்டது என்று.

கிண்ணத்தில் பேரீச்சம்பழமும் பொடித்த வேர்க்கடலையும் சேறாகக் கிடந்தன. உருட்டினால் விரலிடுக்கில் வழிந்தது.

எந்தக் கலவையும் இறுக வேண்டுமென்றால் முதலில் தண்ணீர். கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மூன்று மணிக்குள் உருண்டை அவர் மனைவியின் வாய்க்குள் போயாக வேண்டும்.

அலமாரி விளிம்பில் சாய்த்து வைத்திருந்த செல்போன் அலறியது. மறுமுனையில் மனைவியின் தங்கை.

"மாமா, ஆச்சா இல்லையா?"

"குழைஞ்சு போச்சும்மா."

"தண்ணி ஊத்துனீங்களா? ஐயோ, அது என்ன சுவரு பூசுற கலவையா? பழத்துல இருக்கிற பிசுக்கே போதும் மாமா. திரும்ப ஆரம்பிங்க, சீக்கிரம்!"

அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் ஒரே கட்டுமானத் தளத்தில்தான் வேலை. அக்கா டவர் கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அதை இயக்குகிறவள். தளத்தில் அவளுக்குப் பருந்து என்று பெயர். தங்கை தரையில் நின்று சைகை காட்டுகிறவள், அவள் விசில்.

நேற்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கான்கிரீட் தொட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, பருந்து கண்ணயர்ந்துவிட்டாள்.

கீழே ஆட்கள். மேலே ஆடும் தொட்டி. தங்கைக்கு விசில் ஊதி ஊதி நெஞ்சு வலி கண்டதுதான் மிச்சம். நல்ல வேளையாகப் பருந்து விழித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை கண்ணு சொக்குச்சுன்னா அந்தக் கூண்டு உனக்கில்ல" என்று சொல்லிவிட்டார் இன்ஜினியர். 'பொம்பளைக்கு எதுக்கு கிரேன்' என்ற கேலிகளை எல்லாம் விழுங்கி அவள் பிடித்த இடம் அது.

சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும் கிரீம் பிஸ்கட்டும்தான் அதுவரை அவளுடைய மதிய மருந்து. கொஞ்ச நேரம் துள்ளல், பிறகு முன்னைவிட மோசமான மயக்கம். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பழமும் பருப்பும் எள்ளும் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் தளத்து நர்ஸ். இன்றைக்குக் கான்கிரீட் லாரி மூன்று மணிக்கு வருகிறது.

கொத்தனார் மீதிப் பழங்களைக் கொட்டை நீக்கி அம்மியில் வைத்து நசுக்கினார். கடலை தீர்ந்திருந்தது. அடுத்த டப்பா மேல் பரணில்.

அண்ணாந்து பார்த்தார். வாசலுக்குப் போய் எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டார்.

டீச்சர் முக்காலி போட்டு ஏறி டப்பாவை எடுத்துக் கொடுத்தார். "ஒட்டகம் மாதிரி வளர்ந்திருக்கீங்க, ஒரு டப்பா எடுக்க நான் வரணுமா?"

"கையெல்லாம் பிசுக்கு டீச்சர்" என்று சமாளித்தார்.

கடலையை வறுத்து ஒன்றிரண்டாக இடித்தார். எள்ளைத் தூவினார். சொட்டுத் தண்ணீர் கிடையாது. உள்ளங்கையில் வைத்து அழுத்த, சொன்ன பேச்சைக் கேட்டு உருண்டு நின்றது. டப்பாவில் போட்டு மூடி ஆட்டோ பிடித்தார்.

தளத்து வாசலில் காவலாளி வழிமறித்தான்.

"என்ன கொத்தனாரே, திரும்ப வேலைக்கா?"

"பருந்துக்கு இரை கொண்டாந்திருக்கேன். வழி விடுய்யா."

கிரேனின் அடியில் விசில் முகம் வெளுத்து நின்றாள். டப்பாவை மேலே இழுக்கும் கயிறு இன்று பார்த்து இரும்புச் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. ஏணியில் ஏறும் மெக்கானிக் லீவு. அவளால் தன் இடத்தை விட்டு நகர முடியாது.

கான்கிரீட் லாரி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. மேலே கூண்டுக்குள் பருந்தின் தலை ஒருமுறை சரிந்து நிமிர்ந்தது. கீழிருந்தே தெரிந்தது.

கொத்தனார் கையை நீட்டினார். "ஹெல்மெட்டும் பெல்ட்டும் கொடு. அவளை மிஷினை நிறுத்தி வைக்கச் சொல்லு."

"வேணாம் மாமா." விசிலின் குரல் உடைந்தது. "அக்கா எப்படியாவது சமாளிச்சுக்குவா. நீங்க வேணாம்."

கொத்தனார் டப்பாவைச் சட்டைக்குள் திணித்தார். பெல்ட்டின் கொக்கியை மாட்டினார். ஏணியின் முதல் கம்பியைப் பிடித்தார்.

எதிரே இருந்த கம்பி. அடுத்த கம்பி. வேறெதையும் அவர் பார்க்கவில்லை. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. பாதி வழியில் நின்றார். கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். மறுபடி ஏறினார்.

கூண்டின் அடிக்கதவைத் தட்டினார்.

தளத்து ஆள் யாரோ என்று நினைத்துத் திறந்த பருந்து, கதவைப் பிடித்தபடி உறைந்து போனாள்.

"என்னங்க... நீங்களா?"

அவர் மூச்சு வாங்கியபடி டப்பாவைத் திறந்து நீட்டினார். அவள் ஒரு உருண்டையை எடுத்தாள், கடித்தாள். மெல்லுகிறாளே தவிர, கண் அவர் முகத்தை விட்டு அகலவில்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது. "அக்கா, லாரி ரெடி. தூங்கிடலையே?"

"நானா?" பருந்து அழுதுகொண்டே சிரித்தாள். "இன்னைக்கு எனக்குத் தூக்கம் வருமாடி? தொட்டியை மாட்டச் சொல்லு."

கூண்டின் மூலையில் கம்பியைப் பிடித்தபடி நின்ற கொத்தனாருக்குக் கால்கள் இன்னும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

ஏழாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து பிழைத்த நாள் முதல், சொந்த வீட்டு மொட்டை மாடிக்குக்கூட ஏறாத கால்கள்.